ஒரே அப்பா, இரண்டு புள்ளி

போன வாரம் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போன கிருஷ்ணகுமாரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘இனிமே அண்ணனோட பேசினா என்னை ஏன்னு கேளுங்க’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பெற்றோர் வீடு இருக்கும் பாலோவிலிருந்து குளுவாங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் காரை விரட்டிக்கொண்டு போனாள். ஒரு வாரமாக அந்தச் சபதத்தைக் காப்பாற்றியும் வந்தாள்.

சண்டை அப்பாவைப் பற்றியது. தியாகராஜா குளுவாங் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிக் கூண்டில் நிற்பவர்களின் தமிழை மலாய்க்கும், நீதிபதியின் மலாயைத் தமிழுக்கும் மாற்றியே தலை நரைத்தவர். இப்போது மறதி நோய். கேட் திறந்திருந்தால் நடக்கத் தொடங்கிவிடுவார். எங்கே போகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

அதற்காகத்தான் மகன் சிவகணேசன் ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தான். அதைக் கட்டிக்கொண்டு அப்பா எங்கே போனாலும் கணேசனின் கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டும். அதே வாரம், அவனைக் கேட்காமலே, கிருஷ்ணகுமாரி ஒரு லாக்கெட் வாங்கினாள். அதைக் கழுத்தில் மாட்டினால் அவளுடைய கைப்பேசியில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். ஒருவர் செய்வதை மற்றவர் ஒப்புக்கொள்கிற வழக்கம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

கடிகாரம் ஃபோர்-ஜி மட்டும் பேசும். லாக்கெட் பழைய டூ-ஜி மட்டும் பேசும். கணேசன் செனாயில் வீட்டை வைத்துக்கொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அங்கே டூ-ஜியை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய குழுவில் அவனும் ஒருவன்.

“செத்துப்போன லைனை நம்பி அப்பாவை விட்டிருக்கியா?” என்று போன வாரம் தங்கையைக் கேட்டான்.

“இங்க அது சாகலையே! உன் ஃபோர்-ஜிதான் தோட்டத்துப் பக்கம் வந்தா மூச்சு விட மாட்டேங்குது” என்றாள் அவள்.

அதோடு நின்றிருந்தால் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு இருவரும் போயிருப்பார்கள். நிற்கவில்லை. அப்பா மூன்று வாரமாகத் தினமும் தனியாகப் பெரிய ரோட்டைத் தாண்டி டவுனுக்குப் போகிறார், தன் புள்ளி அப்படித்தான் காட்டுகிறது என்றான் கணேசன். அப்பா வீட்டை விட்டு நகர்வதே இல்லை, தன் புள்ளி இந்தப் பக்கமே நிற்கிறது என்றாள் குமாரி. உன் புள்ளி பொய், உன் புள்ளிதான் பொய் என்று வளர்ந்து, கடைசியில் கணேசன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

“அம்மாவால இனிமே சமாளிக்க முடியாது. செனாய்ல ஒரு நல்ல முதியோர் ஹோம் பார்த்து வெச்சிருக்கேன்.”

கதவு சாத்தப்பட்டது அப்போதுதான்.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் அம்மா அன்னலட்சுமி சோற்றை வடித்து, தேங்காய்ப்பால் சொதியை இறக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ.”

யாழ்ப்பாணத்துப் பேச்சு அவளிடம் மிச்சமிருப்பது புருஷனைக் கூப்பிடும் அந்த இடத்தில் மட்டும்தான். மற்றபடி அவளும் ஊரோடு ஒத்துப் பேசுகிறவள்.

நாற்காலி காலியாக இருந்தது. செருப்பு இல்லை. கேட் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

முதலில் அவள் பயப்படவில்லை. குளியலறையைப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் வாழைக்கூட்டத்தில் பார்த்தாள். ரம்புத்தான் மரத்தைச் சுற்றி வந்தாள். பிறகு ரோட்டுக்கு ஓடிவந்து எதிரே பார்த்தபோதுதான் பயம் வந்தது. எதிரே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மர வரிசை, ஒரே மாதிரி நிழல். புத்தி தெளிவாக உள்ளவர்களே வழி தவறுகிற இடம். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் காணாமல் போன ஒரு பெரியவரை, தேடித் தேடி, கடைசியில் ஒரு வாய்க்காலிலிருந்துதான் தூக்கினார்கள்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் மகளை அழைத்தாள்.

“குமாரி, அப்பாவைக் காணோம்மா.”

“என்னம்மா சொல்றீங்க? எப்போதிலிருந்து?”

“காலையில பசியாறிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தாரு. நான் அடுப்படியில இருந்தேன். எப்ப எழுந்து போனாருன்னு தெரியலையே!”

“லாக்கெட் போட்டிருக்காரா?”

“போட்டிருக்காரு.”

கிருஷ்ணகுமாரி கைப்பேசியைத் திறந்தாள். சிவப்புப் புள்ளி வீட்டில் இல்லை. தோட்டத்துக்குள், பழைய ரப்பர் ஆலைக்குப் பின்னாலிருக்கும் மேட்டின் மேல் இருந்தது. அந்த மேட்டில் ஒரு கைப்பேசி கோபுரத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. லாக்கெட்டின் பேட்டரி சிவப்பில் இருந்தது.

காரை எடுக்கும்போதே அவள் அண்ணனை அழைத்தாள். ஒரு வார வைராக்கியம் போன இடம் தெரியவில்லை.

கணேசன் அப்போது செனாய் வீட்டில் தனியாக இருந்தான். மனைவி பிரேமளா பிள்ளைகளை டியூஷனுக்குக் கூட்டிப் போயிருந்தாள். திரையில் தங்கையின் பெயரைப் பார்த்ததும் சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்தான்.

“அண்ணா, அப்பா இல்ல. வீட்டை விட்டுப் போயிட்டாரு.”

அவன் நீலப் புள்ளியைத் திறந்தான். புள்ளி பாலோவிலேயே இல்லை. குளுவாங்கைத் தாண்டி ஆயர் ஈத்தாம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“குமாரி, அப்பாவை யாரோ காடியில ஏத்திக் கொண்டு போறாங்க.”

“என்ன?”

“குளுவாங் தாண்டிட்டாங்க. உன் ஊரு வழியாத்தான் போயிருக்காங்க. ஆயர் ஈத்தாம் பக்கம் போயிட்டிருக்கு.”

“என்னோடது தோட்டத்துல காட்டுது. டவர் மேட்டுல. நான் பாலோவுக்குப் போயிட்டிருக்கேன்.”

“உன்னோடது அப்படித்தான் காட்டும். அது ஆளைக் காட்டாது, டவரைக் காட்டும். மழை மேகம், மரம் எதுனா மறைச்சா அந்தப் பழைய சாமானுக்கு சாட்டிலைட் கிடைக்காது. பக்கத்துல எந்த டவரோ அதையே பிடிச்சுக்கிட்டு நிற்கும். அதை நம்பாத.”

“அப்பாவை யாரு கொண்டு போவாங்க? எதுக்கு?”

“எனக்கென்ன தெரியும்? நான் கிளம்புறேன்.”

இதைச் சொல்லும்போதே அவன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவி கையில்தான் இருந்தது.

குமாரி வழியிலேயே போலீஸ் நிலையத்துக்கு அழைத்துச் சொன்னாள். கடைசியாக எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். அவளிடம் இரண்டு பதில் இருந்தது. இரண்டையும் சொன்னாள். ரோந்து வண்டிக்குச் சொல்கிறோம், நீங்கள் நேரில் வந்து ரிப்போர்ட் கொடுங்கள் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே ஆள் இரண்டு ஊரில் இருக்கிறார் என்று ஒருத்தி அழுதுகொண்டே சொன்னால் யாருக்குத்தான் புரியும்?

பழைய ரப்பர் ஆலையின் வளைவில் காரைத் திருப்பியபோது முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. மேட்டுக்குப் போகும் பாதை செம்மண் சேறு. மேலே கோபுரத்தின் உச்சி மட்டும் மரங்களுக்கு மேலே தெரிந்தது. அவள் காரை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்திருப்பாள். கைப்பேசி அடித்தது.

“எங்க இருக்கே?” கணேசன்.

“டவர் மேட்டுக்குக் கீழே.”

“அலமாக், போச்சு! குமாரி, அங்க போகாதேன்னு சொன்னேன்ல? அந்தப் புள்ளி டவர் மேலதான் நிற்கும், அப்பா நாலு மைல் தள்ளி இருந்தாலும். அங்க நிக்கிற நேரம் வீண். வாய்க்கால் பக்கம் பாரு, ரயில் தண்டவாளத்துப் பக்கம் பாரு. ஒருவேளை கடிகாரம் கழண்டு விழுந்து எவனாவது எடுத்துட்டுப் போறான்னா, அப்பா இன்னும் அங்கதான் எங்கயாவது இருக்கணும். நான் இந்தப் புள்ளி போற வண்டியை விடப் போறதில்ல. நீ அந்தப் பக்கம் பாரு.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த விஷயம் படித்தவன் அவன்தானே? அவள் மேட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா!” என்று பலம் கொண்ட மட்டும் கத்தினாள். இலைகளில் மழை விழும் சத்தம்தான் கேட்டது. காரில் ஏறித் திரும்பிவிட்டாள்.

நெடுஞ்சாலையில் கணேசன் ஓட்டிய வேகத்தைப் பிரேமளா பார்த்திருந்தால் அவனோடு ஒரு மாதம் பேசியிருக்க மாட்டாள். கண் ரோட்டில் பாதி, புள்ளியில் பாதி. அப்பாவுக்கு அந்நியர்களைக் கண்டால் பயம். யாராவது அதட்டினால் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைக் கையால் மூடிக்கொள்வார். வண்டிக்குள் அப்படி மூடிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தபோது அவன் இன்னும் அழுத்தி ஓட்டினான். நேரில் பார்த்தால் பேச ஒன்றுமில்லை என்று, அந்தச் சண்டைக்கு முந்தின மாதம் முழுக்க பாலோ பக்கமே போகாதவன் அவன். புள்ளியைப் பார்த்தால் போதும் என்றிருந்தான்.

ஆயர் ஈத்தாமில் புள்ளி நின்றது.

சாலையோரம் மண்பாண்டக் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். பூந்தொட்டிகளும் ஜாடிகளும் நடைபாதை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவன் காரை ஏறுக்குமாறாக நிறுத்திவிட்டு ஓடினான். புள்ளி காட்டிய இடத்தில் ஒரு நீல வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஒருவர் குனிந்து தொட்டிகளை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். கணேசன் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தான்.

“எங்க அப்பா எங்க?”

திரும்பியவர் மணியம். பாலோ டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அப்பா வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். கணேசனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தைப்பூசம் காட்டியவர்.

“அட, கணேசு! நீ எங்க இங்க? அப்பாவா? வீட்டுல இல்லையா?”

கணேசன் அவரைத் தள்ளிவிட்டு முன் சீட்டைப் பார்த்தான். யாரும் இல்லை. முன்கண்ணாடியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், வார் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது அவன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம்.

“இது எப்படிண்ணே உங்ககிட்ட வந்துச்சு?”

மணியம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ, இதைக் கடையில வெச்சிட்டு வர மறந்துட்டேன் லா. உங்கம்மாதான் தினமும் காலையில குடுப்பாங்க, சாயங்காலம் வாங்கிக்குவாங்க. உங்க வீட்டுல இதுக்கு லைன் கிடைக்க மாட்டேங்குதாம். லைன் இல்லாட்டி நீ போன் போட்டு ஏம்மா கட்டலன்னு கோவப்படுறியாம். என் கடையில நல்லா லைன் இருக்கு. கல்லா மேல வெச்சிருவேன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு மாசம் இருக்கும். ஏன்பா, அப்பாவுக்கு என்ன?”

கணேசன் ஒரு பெரிய ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா தினமும் டவுனுக்குப் போகவில்லை. பெரிய ரோட்டைத் தாண்டவில்லை. மளிகைக் கடைக் கல்லாவின் மேல் ஒரு கடிகாரம் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் ‘அப்பாவைக் கட்டுப்படுத்த முடியவில்லை’ என்று பிரேமளாவிடம் சொன்னான். அதைப் பார்த்துத்தான் ஹோம் தேடினான். தங்கை ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவமானத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அம்மாவை அழைத்தான். அவள் எடுத்ததுமே அழுதாள். கடிகாரத்தை மணியத்திடம் கொடுத்து வைத்த விஷயம் வெளியில் வந்துவிட்டது என்று அவன் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நீ கவலைப்படக் கூடாதுன்னுதான் தம்பி செஞ்சேன். ராத்திரி பாலம் தாண்டி வந்து களைச்சுப் போய் போன் பண்றே. புள்ளி வரலன்னா கோவப்படுறே. உனக்குப் புள்ளி வந்தா போதும்னு இருந்துச்சு.”

“நேத்து கேட்டேனேம்மா, கட்டியிருக்கான்னு?”

“கட்டியிருக்குன்னு சொல்லிட்டேன்.”

“குமாரியோட லாக்கெட்? அதுவாவது அவர் கழுத்துல இருக்கா?”

“இருக்கு. சத்தியமா இருக்கு. காலையில நான்தான் மாட்டிவிட்டேன்.”

அவன் வாழ்நாளில் முதல் தடவையாக அம்மா சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று யோசித்தான். அந்த யோசனை அப்பாவைக் காணாததைவிடப் பயமாக இருந்தது.

மணியம் தொட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேனை எடுத்தார். இரண்டு வண்டிகளும் மழையில் பாலோவைப் பார்த்துப் பறந்தன.

அவர்கள் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. குமாரி முழங்கால் வரைக்கும் சேறாக வாசலில் நின்றாள். வாய்க்கால் ஓரமாகத் தேடி, தண்டவாளம் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் ஏதோ மிதப்பதைப் பார்த்து இறங்கியிருக்கிறாள். இரண்டும் செம்பனை மட்டை. போலீஸ் வண்டி ஒன்று பெரிய ரோட்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

அண்ணனைக் கண்டதும் அவள் சண்டை பிடிக்கவில்லை. அது கணேசனை இன்னும் கலங்கடித்தது.

“குமாரி, அந்த லாக்கெட்டுக்கு ஒரு நம்பர் இருக்கும்ல?”

“இருக்கு. கடைக்காரன் சிம் போட்டுக் குடுத்தான்.”

“அந்த நம்பருக்குப் போன் போடு. அந்தக் காலத்து சாமான் எல்லாமே அடிப்படையில போன்தான். அடிச்சா தானாவே எடுத்துக்கும். உள்ளே ஒரு மைக் இருக்கும்.”

“அப்ப அப்பாவோட பேசலாமா?”

“கேட்கலாம். ஸ்பீக்கர் இருக்காது. நாம பேசுறது அவருக்குக் கேட்காது.”

இதை மத்தியானமே அவன் நினைத்திருக்க வேண்டும். செத்துப்போனது என்று முடிவு செய்துவிட்ட ஒன்றைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை.

அவள் ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் பிடித்தாள். அன்னலட்சுமி, கணேசன், மணியம் மூவரும் தலையைக் குனிந்து நின்றார்கள். இரண்டு முறை மணி அடித்தது. பிறகு ‘கடக்’ என்றது.

மழைச் சத்தம். தகரத்தின் மேல் விழுகிற மழை. அதற்கு அடியில் விடாமல் ஒரு ரீங்காரம். பிறகு, மிகப் பக்கத்தில், மூச்சு.

“உங்க அப்பா மூச்சுதான்” என்றாள் அன்னலட்சுமி. ஐம்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டவள். அவளுக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இருமல் வந்தது. அப்பாவின் குரல், தனக்குத்தானே பேசுவது போல்: “குளிருது.”

“இஞ்சாருங்கோ! எங்கே இருக்கிறீங்கள்? இஞ்சாருங்கோ!” அன்னலட்சுமி கைப்பேசியைப் பிடுங்கி வாயருகே வைத்துக் கத்தினாள். கணேசன் தடுத்தும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவர் இன்னொரு தரம் “குளிருது” என்றார். பதிலுக்குக் காத்திருப்பது போலக் கொஞ்சம் சும்மா இருந்தார். பிறகு இணைப்பு அறுந்தது. சிவப்புப் புள்ளியும் மறைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்திருந்தது.

குமாரி வாய்விட்டு அழுதாள்.

“அந்த ரீங்காரம் கேட்டுச்சா?” என்றான் கணேசன்.

“என்ன ரீங்காரம்?”

“ஏர்கான். டவர் கேபின்ல மிஷினைக் குளிர வைக்கிற ஏர்கான். வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து அதைத்தான் கேட்டுட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? தோட்டத்துக்குள்ள வேற எங்க ஏர்கான் ஓடும்?” அவன் மேட்டுப் பக்கம் திரும்பினான். “அப்பா டவர்லயேதான் இருக்காரு. புள்ளி காட்டின அதே இடத்துல.”

குமாரி அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

“நான் அங்க போனேன், அண்ணா. மேட்டுக்குக் கீழே நின்னேன். நீதான் திரும்புன்னே.”

கணேசன் சாவியை எடுத்தான். காரை நோக்கி ஓடினான்.

அம்மாவை மணியத்தோடு வீட்டில் விட்டுவிட்டு அண்ணனும் தங்கையும் போனார்கள். மேட்டுப் பாதையில் கார் ஏறவில்லை. பாதியில் விட்டுவிட்டு, ஒரே குடைக்குள், வழுக்கி விழுந்து எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். கணேசன் பத்து வயதிலும் குமாரி ஏழு வயதிலும் பள்ளிக்கூடம் போனபோது அப்படிப் போனதுதான் கடைசி. மேலே ஏற ஏற அந்த ரீங்காரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அது நின்றுவிட்டால் அப்பாவும் இல்லை என்பது போல் குமாரிக்குத் தோன்றியது. முட்டாள்தனமான எண்ணம்தான். ஆனால் அவள் அதைக் கேட்டுக்கொண்டேதான் ஏறினாள்.

கோபுரத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்குள் கேபின். கேபினின் தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு சாய்ந்து, தியாகராஜா உட்கார்ந்திருந்தார்.

“அப்பா!”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டை கசங்கவில்லை, நனையவில்லை. மழைக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்தவர் என்று தெரிந்தது. உயிரோடு இருக்கிறார். குமாரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், பிள்ளையாரப்பா என்றாள்.

கணேசன் கேட்டைத் தள்ளினான். திறக்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தான்.

சங்கிலி போட்டு வெளிப்பக்கமாகப் பூட்டியிருந்தது.

அவன் வாழ்க்கையில் எத்தனையோ கோபுரங்களின் பூட்டைப் பார்த்தவன். கம்பெனிப் பூட்டு துருப்பிடித்திருக்கும், அதில் எண் அடித்திருக்கும். இதில் எண் இல்லை. சங்கிலியும் பூட்டும் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போலப் பளபளத்தன. வெளிச்சத்தை உள்ளே திருப்பினான். அப்பாவின் காலடியில் ஒரு பன் பொட்டலமும் ஒரு தண்ணீர் போத்தலும் இருந்தன. பொட்டலம் பாதி காலியாகியிருந்தது. அவர் கையில் காசு கொடுத்துப் பல வருடமாகிறது. கடைக்குப் போகவும் அவருக்குத் தெரியாது.

யாரோ அவரைக் கூட்டிவந்து, உட்கார வைத்து, தின்னக் கொடுத்து, பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கணேசன் சுற்றிலும் பார்த்தான். செம்பனை மரங்களுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

“அப்பா, யாருப்பா உங்களை இங்க கொண்டு வந்து விட்டது?”

தியாகராஜா மெதுவாக எழுந்து வேலியருகே வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, கோர்ட்டில் சாட்சியிடம் கேட்கும் மரியாதையான குரலில் கேட்டார்.

“நீங்க யாரு? முழுப் பேர் சொல்லுங்க.”

“அப்பா, நான் கணேசன்பா.”

“முழுப் பேர்.”

“சிவகணேசன். தகப்பன் பேரு தியாகராஜா.”

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. தெரியாமல் பொய் சொல்கிறவனைப் பார்க்கிற மாதிரிப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இல்லீங்க. அது என் மகன் பேரு. அவன் காலையிலயே வந்துட்டான். ‘வாங்கப்பா, ஒரு இடத்துக்குப் போலாம்’னு கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்தவன் அவன்தான். யாரு வந்து கூப்பிட்டாலும் போகக் கூடாது, நானே வந்து திறக்கிறேன்னு சொல்லிப் பூட்டிட்டுப் போயிருக்கான். ரொம்ப நல்ல பிள்ளை.”

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஏர்கான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணகுமாரி அண்ணனின் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் கையை அவள் மெதுவாக விட்டாள். குடையை விட்டு வெளியே வந்து, வேலிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“அண்ணா,” என்றாள். “காலையில நீ எங்க இருந்தே?”